மேசைக்கு எதிரே இரண்டு நாற்காலிகள்

மனிதர்களுக்குப் பயந்ததைவிட நான் ஒரு மேசைக்குத்தான் அதிகம் பயந்திருக்கிறேன். மலேசியாவில், சுவா என்ற ஊருக்கு உள்ளே தள்ளி ஒரு செம்பனைத் தோட்டம். அதன் ஆபீஸில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்த அக்காவின் மேசை அது. அதன்மேல் ஒரு கணினி, ஒரு விளக்கு, தங்க நிறத்தில் ஒரு பேனாக்கூடு, சாம்பல் நிறத்தில் ஒரு விரிப்பு. அவ்வளவுதான். ஆனால் பேனாக்கூட்டை யாராவது கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டால் போதும், காலையில் கதவைத் திறந்ததுமே அக்காவுக்கு வியர்த்துவிடும்.

"யாருலா என் மேசைல கை வச்சது?"

 நாங்கள் பூனைமேல் பழியைப் போடுவோம். ஆபீஸில் பூனையே கிடையாது.

அக்கா என்று இங்கே எழுதுகிறேன். ஆபீஸுக்குள் அப்படிக் கூப்பிட்டிருந்தால் அவர் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். "கேட்டுக்கு வெளிய அக்கா, உள்ள மேடம்" என்பது அவர் போட்ட சட்டம். கிராணி என்ற சொல்லும் அவருக்கு ஆகாது. "கிராணின்னா காதுல பென்சில சொருகிக்கிட்டு மூக்குப்பொடி போடுற ஆளு ஞாபகம் வருது. நான் எக்ஸிகியூட்டிவ்லா" என்பார். அவருடைய நியமனக் கடிதத்தில் அப்படி ஒரு வார்த்தையே இல்லை. தோட்டத்து ஆட்கள் முதலில் கிண்டலுக்குத்தான் மேடம் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கிண்டல் எப்போது கழன்று விழுந்தது என்று தெரியாது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

நான் சின்ன கிராணியாக வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பக்கத்து ஊரான புக்கிட் பெலண்டோக்கிலிருந்து மோட்டாரில் போய் இறங்கினேன். ஒரு கையில் ஹெல்மெட், ஒரு கையில் சோற்று டப்பா, தோளில் மழைக்கோட்டு. அக்கா என் சான்றிதழ்களைப் பார்க்கவே இல்லை. டப்பாவைத்தான் பார்த்தார்.

"டப்பா மேசைக்கு மேல வராது. ஹெல்மெட்டு மேசைக்குக் கீழ. சாமி படம் ஒன்னு வச்சிக்கலாம், சின்னதா. குடும்பப் படம் ஒன்னு, அதுவும் சின்னதா. அதுல வீட்டுக்காரர் சிரிச்சிருக்கணும்."

"அவரு எந்தப் படத்துலயும் சிரிக்க மாட்டாரு மேடம்."

"அப்ப பிள்ளைங்க மட்டும் போதும்."

அன்று முதல் என் வீட்டுக்காரர் ஆபீஸுக்குள் வரவில்லை. பிள்ளைகள் மட்டும் ஒரு வெள்ளைச் சட்டத்துக்குள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதைச் சொன்னபோது அவர் அப்போதும் சிரிக்கவில்லை.

அந்த ஆபீஸ் எப்படிப்பட்டது என்று சொன்னால்தான் இந்தக் கூத்து புரியும். வெள்ளைக்காரத் துரைகள் காலத்துப் பலகைக் கட்டடம், மேலே தகரம். உர லாரி வந்த அன்றைக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் கணக்கெழுத வேண்டும். ஒரு மூலையில் கறையான், இன்னொரு மூலையில் கறையானுக்கு அடித்த மருந்து. நடுவில் நாங்கள் உட்காரும் ஹால். ஹாலின் பக்கச் சுவரில் கம்பி போட்ட ஒரு ஜன்னல் உண்டு. அதற்குப் பெயர் சம்பள ஜன்னல். சம்பளம் வங்கிக்குப் போக ஆரம்பித்த பிறகும் பெயர் மாறவில்லை. தோட்டத்து ஆட்களுக்கு ஆபீஸ் என்றால் அந்த ஜன்னல்தான். வெளியே நின்று வேலைக் கார்டு நம்பரைச் சொல்வார்கள், கம்பிக்கு அடியில் காகிதத்தைத் தள்ளுவார்கள், போய்விடுவார்கள். உள்ளே வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. வாங்க என்றும் யாரும் சொன்னதில்லை.

இந்த லட்சணத்தில் இருந்த கட்டடத்துக்குள்தான் அக்கா தன் கோலாலம்பூரை உண்டாக்கினார்.

படித்ததெல்லாம் கைப்பேசியில். மதியம் எங்களுக்கெல்லாம் சாப்பாட்டு நேரம், அவருக்கு அதுதான் வகுப்பு. யாரோ ஒரு வெள்ளைக்காரி தன் மேசையைத் துடைத்து, ஒரு மெழுகுவத்தி வைத்து, இரண்டு புத்தகத்தைச் சாய்த்து வைப்பதை இவர் மூச்சு விடாமல் பார்ப்பார். தட்டில் மீஹூன் சேமியா ஆறிக் கட்டியாகிவிடும். பிறகு எங்களுக்குப் பாடம் நடக்கும்.

"மூணு கலருக்கு மேல போச்சுன்னா அது ஆபீஸ் இல்ல, தீபாவளி பசார்."

அவருடைய மூன்று நிறங்கள் வெள்ளை, சாம்பல், தங்கம். நான்காவதாக எது உள்ளே வந்தாலும் அதற்கு விசாரணை உண்டு. ஒரு சிவப்புக் கோப்புக்காகத் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு, இதே கோப்பு சாம்பலில் கிடைக்குமா என்று கேட்டவர் அவர். அந்தப் பக்கம் இருந்தவர் ஏதோ அவசரம் என்று நினைத்து அங்கிருந்த பெரிய மேலாளரிடமே இணைப்பைக் கொடுத்துவிட்டார்.

லட்சுமி விவகாரம் இன்னும் பெரிது. சுவரில் நகைக்கடைக்காரர்கள் கொடுத்த காலண்டர் தொங்கியது. சிவப்புச் சேலையில், மஞ்சள் ஒளியில், பச்சை யானைகளோடு லட்சுமி. அக்கா அதைக் கழற்றிச் சுருட்டி, பத்திரமாக அலமாரியில் வைத்தார். அந்த வாரமே கணினி மூச்சை நிறுத்திக்கொண்டது. தேத்தண்ணி போடும் சரசக்கா வாசலில் நின்றே தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"மகாலட்சுமியக் கழட்டிச் சுருட்டி வச்சா மெசினு ஓடுமா?"

அக்காவுக்கும் உள்ளுக்குள் உதறல்தான். ஆனால் நிறத்தை விட்டுக்கொடுக்க மனமில்லை. எங்கெங்கோ தேடி, சாம்பல் நிறக் கோடுகளால் மட்டும் வரைந்த ஒரு லட்சுமியைக் கண்டுபிடித்து, தங்கச் சட்டம் போட்டு மாட்டினார். கணினி சரியாகிவிட்டது. சரசக்கா அந்தப் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "ஆத்தாளுக்கு ரத்தமே இல்லியே, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார். ஆனாலும் தினமும் காலையில் கும்பிட்டுவிட்டுத்தான் தண்ணீர் கொதிக்க வைத்தார்.

செடி கதை கேட்டால் சிரிப்பீர்கள். ஆபீஸிலிருந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் பச்சை. பார்த்துப் பார்த்துக் கண் சலித்துப்போன பச்சை. அதற்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் இந்த மனுஷி சிரம்பான் டவுனுக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் செடி வாங்கி வந்தார்.

"மேடம், வெளிய போயி ஒன்னு புடுங்கியாந்தா போதாதா?"

"உசுருள்ள செடின்னா தண்ணி ஊத்தணும், மண்ணு கொட்டும், எறும்பு வரும். புரொபஷனலுக்கு எறும்பு ஆகாதுலா."

அந்தப் பிளாஸ்டிக் செடிக்கும் கொஞ்ச நாளில் எறும்பு வந்தது. 

இவ்வளவு ஒழுங்கான ஆளின் வீடு எப்படி இருக்கும் என்று ஒரு தீபாவளிக்கு ஆவலோடு போனேன். சோபாவில் துவைத்த துணி ஒரு மலை, மடிக்காமல். முறுக்கு டப்பாவுக்கு மேல் தையல் பெட்டி, அதற்கு மேல் இஸ்திரிப் பெட்டி. சுவரில் நான் எண்ணிய வரைக்கும் எல்லா நிறமும் இருந்தது. என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "வீடு நமக்குலா, ஆபீஸு மத்தவங்க கண்ணுக்கு" என்றார். துணி மலையைக் கையால் ஒதுக்கி எனக்கு இடம் செய்து கொடுத்தார்.

இப்போது ஓய்வு பெற்று மகளோடு தம்பின் என்ற ஊரில் இருக்கிறார். போன வருடம் அங்கே காய்கறிப் பசாரில் பார்த்தேன். கத்தரிக்காயை எந்தப் பக்கமாகத் திருப்பி அடுக்கினால் எடுப்பாக இருக்கும் என்று ஒரு காய்கறிக்காரருக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் தப்பிக்க வழி தேடிக்கொண்டிருந்தார். நான் இடையில் போகவில்லை.

சரி, அறை கதைக்கு வருகிறேன்.

ஹாலுக்கு அடுத்து இரண்டு அறைகள் இருந்தன. ஒன்று மேனேஜருடையது. இன்னொன்று துணை மேனேஜருடையது. துணை மேனேஜர் என்ற பதவியையே கம்பெனி எடுத்துவிட்டதால் அந்த அறையில் ஓட்டை விழுந்த மருந்துப் பம்புகளும் கிழிந்த உரச் சாக்குகளும் குடியிருந்தன. அதைக் கேட்டு அக்கா விண்ணப்பம் எழுதவில்லை. எழுதினால் முடியாது என்று பதில் வரும் என்பது அவருக்குத் தெரியும். முதலில் ஜன்னலுக்கு ஒரு திரை போட்டார். அடுத்த மாதம் சுவருக்கு வெள்ளை அடித்தார். பிறகு விளக்கு வந்தது, செடி போனது, ரத்தமில்லாத லட்சுமி போனார். ஒரு நாள் காலையில் பார்த்தால் மேசையும் உள்ளே இருந்தது, அக்காவும் உள்ளே இருந்தார். ஊரில் நிலத்தை வேலி போட்டுப் பிடிப்பார்கள். இவர் அறையைத் திரை போட்டுப் பிடித்தார். மேனேஜர் எட்டிப் பார்த்தார், ஏதோ சொல்ல வந்தார், வாசனையாக இருந்ததால் பேசாமல் போய்விட்டார்.

சம்பள ஜன்னல் பக்கம் இருந்த உங்கள் பழைய இடத்தில் காற்று நன்றாக வருமே, அதை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். அக்கா விளையாட்டில்லாமல் பேசியதை நான் கேட்டது அபூர்வம். அன்றைக்குப் பேசினார்.

"எங்கம்மா கித்தா மரத்துல ரப்பர் பால் சீவுன காலத்துலேர்ந்து அந்த ஜன்னலுக்கு வெளியதான் நின்னுச்சு. மழையில நின்னுச்சு, வயித்துல என் தம்பிய வச்சிக்கிட்டு நின்னுச்சு. இப்ப நான் உள்ள உக்காந்துகிட்டு அதே கம்பி வழியா ஆளுங்க மூஞ்சியப் பாக்கறேன். யாரு ஜெயில்ல இருக்காங்கன்னே தெரியல. அவங்களா, நானா?"

 அவரே முடித்தும் வைத்தார்.

"அதோட கம்பி பூரா துரு. ஆரஞ்சு கலரு. நமக்கு ஒத்து வராது."

அந்த அறைக்குள் வந்த கடைசிப் பொருள்கள்தான் இரண்டு நாற்காலிகள். சாம்பல் நிறம், மெத்தை வைத்தது. மேசைக்கு எதிரே, லேசாகச் சாய்வாக, ஒன்றையொன்று பார்த்தபடி. எதற்கு என்று கேட்டால் கைப்பேசியில் படத்தைக் காட்டுவார். எல்லாப் படத்திலும் மேசைக்கு எதிரே இரண்டு நாற்காலி இருந்தது. அதில் யார் உட்காருவார்கள் என்று அவர் யோசிக்கவே இல்லை. எங்கள் தோட்ட ஆபீஸுக்கு விருந்தாளியாக யார் வரப்போகிறார்கள்?

வந்தவர் முனியம்மாக்கா. மருந்தடிக்கும் வேலை செய்பவர். கம்பி ஜன்னலில் அக்காவைக் காணாமல், பின்பக்கம் வந்து, ரப்பர் பூட்ஸைக் கழற்றிவிட்டு, அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். அக்கா உள்ளே கூப்பிட்டார். முனியம்மாக்கா நாற்காலிக்கும் மேசைக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

"அப்டி நிக்காதீங்கக்கா, ரூமோட லுக்கே போவுது. உக்காருங்க."

"சேத்தோட இருக்கேன் மேடம்."

"சேறு தொடச்சா போயிரும். நீங்க நின்னா எனக்குக் கண்ணு உறுத்துது."

முனியம்மாக்கா உட்கார்ந்தார். கார்டு நம்பரைச் சொன்னார். வந்த வேலை முடிந்துவிட்டது. ஆனால் உட்கார்ந்தவர் உடனே எழுந்து போவது எப்படி? கொஞ்சம் மின்விசிறியைப் பார்த்தார், கொஞ்சம் லட்சுமியைப் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றி உள்ளங்கையைக் காட்டினார். தோல் உரிந்து சிவந்து கிடந்தது. எத்தனையோ வருடமாக அப்படித்தானாம். ஜன்னலில் பின்னால் ஆள் நிற்கும்போது இதையெல்லாம் சொல்ல முடியுமா என்றார். அக்கா அன்றே மேனேஜருக்கு எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். அடுத்த மாதம் முனியம்மாக்கா மருந்து வேலையிலிருந்து உதிரிப் பழம் பொறுக்கும் வேலைக்கு மாற்றப்பட்டார்.

அதற்குப் பிறகு வாசலில் பூட்ஸ் வரிசை கட்ட ஆரம்பித்தது. தமிழர்கள், இந்தோனேசியர்கள், வங்காளிகள். எல்லோரும் நம்பர் சொல்லத்தான் வந்தார்கள், உட்கார்ந்ததும் பேச்சு தானாக வந்தது. ஒருவருக்கு வீட்டுக் கூரை ஒழுகியது. இன்னொருவருக்கு மூன்று மாதமாகப் புதுப் பூட்ஸ் தரவில்லை. அக்கா முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். "என் மெத்தை போச்சு, என் கலரு போச்சு, எல்லாம் சாக்கு மாரி ஆயிருச்சு." சனிக்கிழமை மதியம் தானே குழாயடியில் உட்கார்ந்து நாற்காலி உறைகளைத் துவைத்தார். பிளாஸ்டிக் உறை போட்டுவிடலாமே என்றதற்கு, "கிளினிக் மாரி இருக்கும், சீ" என்றார். நான் துவைக்கிறேன் என்று ஒரு தரம்கூடச் சொல்லாமல், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை, உறை என்னுடையதில்லை.

மேனேஜரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிரம்பான் தமிழர், கெட்டவர் இல்லை. மீன் பிடிப்பதில் பிரியம், காகிதத்தில் வெறுப்பு. அவர் மேசையில் உர மாதிரிகள், தூண்டில், டுரியான் கொட்டை, எல்லாவற்றுக்கும் அடியில் அக்காவின் கடிதங்கள். நாற்காலி வந்த பிறகு அந்தக் கடிதக் குவியல் உயர்ந்துகொண்டே போனது. அவருக்கு அது பிடிக்கவில்லை.

அப்போதுதான் தலைமை அலுவலகத்துப் புது டைரக்டர் வருவதாகத் தகவல் வந்தது. பெரிய ஆள் வந்தால் தோட்டத்தில் என்ன நடக்கும் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சாலையோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்போம். தென்னை மரத்துக்கு இடுப்பு வரைக்கும் அடிப்போம். ஓரிடத்தில் நின்றால் மனிதனுக்கும் அடித்துவிடுவார்கள். வருகிறவர் மரங்கள் நிற்கும் மலைக்காட்டைச் சுற்றிப் பார்ப்பார், பங்களாவில் சாப்பிடுவார், போய்விடுவார். ஆபீஸுக்குள் எவரும் கால் வைத்ததில்லை. அதனால் கண்ணில் படக்கூடாத உடைசல் எல்லாவற்றையும் மேனேஜர் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவது வழக்கம். அந்தத் தடவையும் அப்படியே செய்தோம். ஓட்டைப் பம்பு, சாய்ந்த அறிவிப்புப் பலகை, மூன்று கால் மேசை, எல்லாம் உள்ளே போயின.

அன்று கொட்டோ கொட்டென்று மழை. மேனேஜர் பங்களாவில் காத்திருந்தார். பங்களாப் பாதையில் தண்ணீர் ஏறிவிட்டதால் டைரக்டரின் கார் நேராக ஆபீஸுக்கு வந்துவிட்டது. அவர் நனைந்தபடி உள்ளே வந்தார். ஹாலைப் பார்த்தார், கறையானைப் பார்த்தார், அக்காவின் அறையைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. உள்ளே போய், சாம்பல் நாற்காலியில் உட்கார்ந்து, மேனேஜரைச் சந்தித்ததில் மகிழ்ச்சி என்று அக்காவிடம் ஆங்கிலத்தில் சொன்னார்.

அக்கா திருத்தவில்லை. "மேனேஜரான்னு கேட்டாரா? கேட்டிருந்தா இல்லன்னு சொல்லியிருப்பேன்" என்று பிற்பாடு எங்களிடம் நியாயம் பேசினார். அவர் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார், விளைச்சலைப் பற்றிச் சொன்னார், டைரக்டர் விளக்கைத் தொட்டுப் பார்த்து எங்கே வாங்கியது என்று கேட்டார். இரண்டு பேரும் நெடுநாள் சினேகிதர்கள் மாதிரி விளக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில் எங்கள் மேனேஜர் வந்து சேர்ந்தார். மழைக்கோட்டு, முழங்கால் வரை சேறு, இரண்டு கையிலும் சீவிய இளநீர். பங்களாவிலிருந்து ஓடி வரும்போது வெறுங்கையோடு வர அவருக்கு மனம் வரவில்லை. டைரக்டர் அவரைப் பார்த்துச் சிரித்தார். அங்கே வைத்துவிடுங்கள், நன்றி என்று மலாயில் சொன்னார். பிறகு சட்டைப் பையில் கைவிட்டு ஒரு நோட்டை எடுத்து நீட்டினார்.

நான் வாழ்நாளில் சிரிப்பை அப்படி அடக்கியதில்லை. மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்துவிட்டது.

அக்கா எழுந்து நின்று, "இவர்தான் எங்க மேனேஜர் சார்" என்றார். டைரக்டர் நோட்டை மெதுவாகப் பைக்குள் திருப்பி வைத்தார். சமாளிப்பதற்காக, உங்கள் அறையையும் பார்க்கலாமே என்றார். மேனேஜர் வேண்டாம் என்று சொல்வதற்குள் டைரக்டரே அந்தக் கதவைத் திறந்துவிட்டார். அறிவிப்புப் பலகைதான் முதலில் விழுந்தது.

மறுநாள் மேனேஜர் அக்காவின் அறைக்கு வந்தார். நான் கோப்போடு அங்கே இருந்தேன், போகச் சொல்லவில்லை. அவர் உட்காரவில்லை.

"டைரக்டருக்கு இந்த ரூம் புடிச்சிருச்சு. அதனால ரூம் உங்களுக்கே. செடி, வெளக்கு, எது வேணா வச்சிக்கிங்க. ஆனா இந்த ரெண்டு நாற்காலியும் போயிரணும்."

"அது சும்மா அழகுக்குத்தான் சார்."

"என்னா அழகுக்கு? ஜன்னல்ல நின்னப்ப இந்தத் தோட்டத்துல யாருக்கும் ஒரு பிரச்சினையும் இல்ல. நீங்க உக்கார வச்சீங்க, எல்லாருக்கும் எல்லா நோவும் வந்திருச்சு. நாற்காலி இருக்கணும்னா நீங்க பழைய எடத்துக்கே போங்க, ஜன்னல் பக்கம். ரூம நான் எடுத்துக்கறேன். திங்கக்கெழமைக்குள்ள சொல்லுங்க."

ஆபீஸில் யாருக்கும் சந்தேகமே இல்லை. அந்த அறைக்காக எத்தனை மாதம் பாடுபட்டார்! நாற்காலி போகும் என்றுதான் எல்லோரும் சொன்னோம். நானும் போய், "ரெண்டு நாற்காலிதான மேடம், போனாப் போவுது. படத்துக்காகத்தான வாங்குனீங்க?" என்றேன்.

"ஆமா, படத்துக்காகத்தான்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் இரண்டையும் தூக்கித் தாழ்வாரத்தில் போட்டார். வாசலில் நின்று அறையைப் பார்த்தார். கைப்பேசியில் ஒரு படம் எடுத்துப் பார்த்தார். மேசையைக் கொஞ்சம் முன்னால் இழுத்தார், மறுபடி பின்னால் தள்ளினார். எனக்கு அறை முன்பைவிட விசாலமாகத்தான் தெரிந்தது, அதையும் சொன்னேன். அவர் மேசையை மறுபடி முன்னால் இழுத்தார்.

மதியம் முனியம்மாக்கா வந்தார். பூட்ஸைக் கழற்றிவிட்டு வழக்கம்போல உள்ளே வந்தவர், நாற்காலி இருந்த இடத்தில் தடுமாறி நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முன்னால் கட்டிக்கொண்டார். அக்கா, "சொல்லுங்கக்கா" என்றார். முனியம்மாக்கா மேசையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

"ஒன்னுமில்ல மேடம். சும்மா வந்தேன்."

அவர் பூட்ஸை மாட்டிக்கொண்டு போவதை அக்கா ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டே நின்றார். மரங்களுக்குள் ஆள் மறைந்த பிறகும் திரையை விடவில்லை.

சனிக்கிழமை மேனேஜரிடம் போய்ச் சொன்னது எங்களுக்கு ஹாலில் கேட்டது.

"சார், நாற்காலி இல்லாம அந்த ரூம் பாக்க நல்லா இல்ல. நீங்களே எடுத்துக்கிங்க."

வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை.  மேனேஜர் சரி என்றார்.

மேசையைத் தூக்க நான்கு பேர் வந்தார்கள். அக்கா முதலில் நாற்காலிகளைக் கொண்டு போகச் சொன்னார், மேசையைப் பிறகு. விளக்கையும் செடியையும் அங்கேயே விட்டுவிட்டார். அவை இருந்தால்தான் அந்தச் சுவருக்கு எடுப்பு என்றார். எல்லாம் முடிந்ததும் மோட்டார் நிறுத்தும் கொட்டகைக்குப் போனார். நான் பின்னால் போனேன். என் மோட்டாரின் இருக்கையில் தலையைக் கவிழ்த்து, சத்தமில்லாமல், தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார். அக்கா என்று கூப்பிட்டேன். கேட்டுக்கு உள்ளேதான் இருந்தோம், ஆனால் அவர் திருத்தவில்லை.

"அந்தச் சொவத்துக்கு நாந்தாண்டி மூணு கோட்டு வெள்ளை அடிச்சேன்" என்றார்.

அவருக்கு அந்த அறைமீது உயிர் என்பது எனக்குத் தெரியும். நாற்காலிகள் பெரிது, அறை சும்மா என்று நினைத்துக்கொண்டு அவர் அதை விடவில்லை. நெஞ்சு வலிக்க வலிக்கத்தான் விட்டார். அவரை வருடக்கணக்காகக் கிண்டல் செய்த எனக்கு அன்றைக்கு ஒரு கிண்டலும் வாயில் வரவில்லை. அவர் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன், எனக்கும் அழுகை வந்துவிட்டது.

திங்கட்கிழமை நான் வந்தபோது மேசை ஹாலில் துடைத்து நேராக இருந்தது. எதிரே இரண்டு நாற்காலிகள், லேசாகச் சாய்வாக. ஜன்னல் பக்கம் போனால் நாற்காலியை வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னவர் மேனேஜர்தான். அவர் தன் புது அறையில் மேசை விளக்கை எப்படிப் போடுவது என்று தெரியாமல் அதை உருட்டிக்கொண்டிருந்தார்.

முதல் ஆளாக வந்தவர் முந்தின வாரம்தான் வேலைக்கு வந்த வங்காளி. யாரோ காட்டிய வழியில் நேராகச் சம்பள ஜன்னலுக்குப் போய், கம்பிக்கு அடியில் கார்டைத் தள்ளினார். அக்கா எழுந்து போனார். கார்டைத் திருப்பி அவர் கையில் கொடுத்துவிட்டு, ஜன்னலின் இரண்டு பலகைக் கதவுகளையும் இழுத்துச் சாத்தினார். அந்தக் கதவுகள் மூடும் என்பதே எங்களில் பலருக்குத் தெரியாது. கொக்கி துருப்பிடித்திருந்ததால் உள்ளங்கையால் குத்தி மாட்டினார்.

அந்த ஆள் என்ன தப்பு செய்தோம் என்று பயந்து, சுற்றி வந்து வாசலில் நின்றார். அக்கா கையைக் காட்டி உள்ளே கூப்பிட்டார். அவர் பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டே வந்து மேசைக்கு எதிரே நின்றார், கார்டை நீட்டினார். அக்கா அதை வாங்கவில்லை.

"டூடோக்" என்று மலாயில் உட்காரச் சொல்லி நாற்காலியைக் காட்டினார்.

அவர் நாற்காலியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தன் கால்சட்டையைப் பார்த்தார். நம்பரைச் சொன்னார். அக்கா எழுதவில்லை. மறுபடி நம்பரைச் சொன்னார், இன்னும் கொஞ்சம் சத்தமாக. அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியைக் காட்டிய கையை அப்படியே வைத்திருந்தார். தட்டச்சு செய்துகொண்டிருந்த நாங்கள் எல்லோரும் நிறுத்திவிட்டோம். சரசக்கா தேத்தண்ணித் தட்டோடு நடுவில் நின்றுவிட்டார்.

அந்த ஆள் பூட்ஸைத் தரையில் வைத்தார். நாற்காலியின் விளிம்பில் மெதுவாக உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகுதான் அக்கா அவர் பெயரைக் கேட்டார்.